சுயசான்று கட்டட அனுமதி: வேகம் சரி, கணக்கு உங்கள் பொறுப்பு

தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த இணையவழி சுயசான்று அனுமதி, அதாவது விவரங்கள் சரி என்று நீங்களே உறுதிமொழி தந்து உடனே பெறும் கட்டட அனுமதி, சிறிய வீடு கட்டுவோருக்கு உண்மையிலேயே நல்ல சேவை. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ இருந்தால் போதும். பரிசீலனைக் கட்டணம் கிடையாது; கட்டி முடித்தபின் பணிமுடிப்புச் சான்றும் வாங்கத் தேவையில்லை. 6 சென்ட் மனை என்றால் 2,613 சதுர அடி. வழக்கமான வழியில்தான் போக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் அளவில்தான். பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 218 சதுர மீட்டர் என்று இருக்கும். அதைச் சதுர அடிக்கு மாற்றினால் 2,346தான் வரும். பிளான் வரையும் முன்பே சர்வேயரை வைத்து அளந்து, இருப்பதில் குறைந்த அளவுக்கு வரையுங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவா? முதலில் உங்கள் பங்கைத் தனியாக உட்பிரிவு செய்யுங்கள். அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்தாமல் விண்ணப்பித்துப் பயனில்லை.

உடனே அனுமதி வருவதால் யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். உறுதிமொழி உங்களுடையது; தகவல் தவறானால் அனுமதி ரத்தாகும். கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய பக்க இடைவெளியில் படிக்கட்டை இழுத்துவிடும் மேஸ்திரிகளை அஸ்திவாரத்திலேயே நிறுத்துங்கள்.

வெள்ளையடிப்பு, பூச்சு, தரை ஓடு மாற்றம் இவற்றுக்கு அனுமதி வேண்டாம். மாடியில் ஓர் அறை எழுப்பினாலும் அனுமதி வேண்டும்.