சிபேனல் ஃபைல் மேனேஜர்: ஒரு டிடிபி கடையின் 8 வருடப் புழக்கம்

வேலூர் சத்துவாச்சாரியில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஓடிக்கொண்டிருந்த கடை, 8 வருடமாகச் சின்ன வெப்சைட்டுகளையும் பார்த்துக்கொள்கிறது. ஆற்காட்டில் ஒரு மக்கன் பேடா கடை, குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரி, ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட் என்று மொத்தம் 11 சைட். எல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பலருடைய சைட்டுகள் ஒரே சர்வரில் இருக்கும் வாடகை இடம். எல்லாவற்றிலும் சிபேனல்தான், சைட்டை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள். அதில் சைட்டின் ஃபைல்களை ஏற்றவும் திருத்தவும் அழிக்கவும் இருக்கும் ஃபைல் மேனேஜரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முன்பு, கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு ஃபைல் ஏற்றும் எஃப்டிபி மென்பொருளில்தான் வேலை செய்தேன். பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிப்பாகியிருக்கும். கடையில் வேலைக்கு வரும் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் உட்கார்ந்தாலும் உள்ளே போய்விடலாம். அந்தப் பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. இப்போது சைட் பெயருக்குப் பின்னால் 2083 என்ற போர்ட் எண்ணைப் போட்டு பிரவுசரில் லாகின் செய்கிறேன், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே போன இடத்தில் யாருடைய கம்ப்யூட்டர் கிடைத்தாலும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜிப் வசதி. ஒரு வேர்ட்பிரஸ் சைட் என்றால் உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள். எஃப்டிபியில் ஒவ்வொன்றாக ஏறும், நடுவில் கரண்ட் போனால் எது ஏறியது எது விட்டுப்போனது என்றே தெரியாது. இங்கே எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக ஏற்றி, எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தால் சர்வரே பிரித்துப் போட்டுவிடுகிறது. ஆனால் ஃபோல்டரை அப்படியே அப்லோட் செய்ய முடியாது, கட்டாயம் ஜிப் ஆக்கித்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் தமிழ். நம் ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு ஃபைலுக்கு எடிட் கொடுத்தால், எந்த என்கோடிங்கில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) திறப்பது என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். செட்டிங்ஸில் அதை வராமல் நிறுத்திவிடலாம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் இகரக் குறியையும் புள்ளியையும் சேர்த்து 5 குறிகள், ஆக 15 பைட். பழைய ஆங்கில என்கோடிங்கில் திறந்தால் அந்த 15 பைட்டும் தனித்தனி எழுத்தாகத் தெரியும். அதைப் பார்த்த உடனே சேமிக்காமல் மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. சேமித்துவிட்டால் போச்சு. பள்ளிக்கூடம் ஒன்றின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் எனக்கு அது நடந்தது. பெட்டி தொந்தரவாக இருக்கிறதே என்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். மொத்தப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்தேன். டிடிபிக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி ஃபாண்ட்டில் அடித்து வைத்த பழைய பக்கங்களை இங்கே திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். அது என்கோடிங் கோளாறு இல்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.

இதில் இருக்கும் பெரிய குறை தேடல்தான். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள் அல்லவா, ராணிப்பேட்டை, ஆற்காடு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் முகவரியில் 'வேலூர் மாவட்டம்' என்பதை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று மாற்ற வேண்டியிருந்தது. தேடல் பெட்டியில் போட்டால் ஃபைலின் பெயரில் மட்டும்தான் தேடுகிறது, உள்ளே இருக்கும் எழுத்தில் தேடுவதில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எடிட்டருக்குள் தேடி மாற்றினேன். இரண்டு சாயங்காலம் போனது. அந்த வேலைக்கு எல்லா ஃபைலையும் கம்ப்யூட்டரில் இறக்கி மாற்றி ஏற்றியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

டெலிட் செய்வதில் ஒரு சிறு கட்டம் வரும், குப்பைக்குப் போகாமல் நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று. டிக் செய்யாவிட்டால் குப்பையில் கிடக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிக் செய்தால் கதை முடிந்தது. குப்பையில் கிடப்பதும் உங்கள் இட அளவில்தான் சேரும் என்பதால், இடம் நிறைந்தபோது ஒருநாள் அவசரமாக டிக் போட்டு அழித்தேன். அதில் லுங்கி வியாபாரியின் படங்கள் இருந்த ஃபோல்டரும் போய்விட்டது. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், அந்தத் திட்டத்தில் பேக்கப் கிடையாது என்றார்கள். குடியாத்தம் போய், அவர் வீட்டு மொட்டை மாடியில் 40 லுங்கியை விரித்துப்போட்டு மறுபடி படம் எடுத்தேன். "பரவாயில்ல சார், புது டிசைனும் சேர்த்துப் போட்டுடலாம்" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் முதலில் காப்பி எடுத்து, பெயரில் தேதி போட்டு, சைட் ஃபோல்டருக்கு வெளியே வைத்துவிடுகிறேன்.

பர்மிஷன், அதாவது யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் எண், அது பற்றிச் சுருக்கமாக. ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755. ஏதாவது ஓடவில்லை என்றால் 777 போடு என்று யாராவது சொல்வார்கள், போடாதீர்கள், அது எல்லோருக்கும் மாற்றும் அனுமதி கொடுப்பது. சைட்டின் சர்வர் அமைப்புகள் இருக்கும் ஹெச்டி ஆக்சஸ் (.htaccess) ஃபைல் காணவில்லை என்றும் பதற வேண்டாம். புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் மறைந்திருக்கும், செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் வந்துவிடும்.

போனிலும் வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். மவுஸுக்கென்று செய்த மெனு, விரலுக்குச் சின்னது. ரயிலில் போகும்போது இன்னொரு சிக்கல். நெட் மாறி ஐபி முகவரி (நெட்டில் நம் இணைப்புக்கான எண்) மாறினால், பாதுகாப்புக்காக வெளியே தள்ளி மறுபடி லாகின் கேட்கும். அடித்து வைத்து இன்னும் சேமிக்காதது போய்விடும்.

போன தீபாவளிக்கு முதல் வாரம் சென்னைக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தேன். பேடா கடைத் தம்பி போன் செய்தான். "அண்ணே, கிலோ விலை ஏத்திட்டோம், சைட்ல பழசே இருக்குது, ஆர்டர் வருது." காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே போனில் திறந்தேன். காப்பி எடுத்தேன், யூடிஎஃப் 8 தானா என்று பார்த்தேன், விலையை மாற்றிச் சேமித்தேன். வண்டி வருவதற்குள் அவனே திறந்து பார்த்துவிட்டு, "வந்துருச்சுண்ணே" என்றான்.