சூம், மூடில், வட்ஸ்அப்: திருகோணமலையில் ஐந்து வருடம் இணையவழியில் கணக்கீடு படிப்பித்த அனுபவம்

"மிஸ், போன் கடலுக்குப் போயிட்டு."

2020இல் இணையவழி வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம். ஏன் காலையில் வரவில்லை என்று கேட்டதற்கு நிலாவெளிப் பக்கத்து மாணவி ஒருத்தி சொன்ன பதில் இது. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அப்பா இரவில் தொழிலுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்விடுவார். படகு கரைக்கு வந்து, மீனை நிறுத்துக் கொடுத்து, அவர் வீடு திரும்ப ஒன்பது மணி தாண்டும். நான் வகுப்பு வைத்திருந்ததோ ஏழரைக்கு. அதுவரை அவளுடைய பெயருக்கு நேரே "அக்கறை இல்லை" என்று என் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திருகோணமலை டவுனில் ஒரு தனியார் உயர்கல்வி நிலையத்தில் டிப்ளோமா மாணவர்களுக்குக் கணக்கீடு (அக்கவுண்டிங்) படிப்பிக்கிறேன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, புல்மோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கொரோனா முடிந்த பிறகும் கிழமை நாள் வகுப்புகள் இணையத்திலேயே நடக்கின்றன. புல்மோட்டையிலிருந்து 50 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவதைவிட அது பரவாயில்லை என்று பிள்ளைகளே கேட்டார்கள். ஆகவே ஐந்து வருடமாக விடாமல் பாவித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்பதுதான் விஷயம்.

முதலில் சூம். ஆரம்பத்தில் இலவசக் கணக்குதான், 40 நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும். அப்போது எரிச்சலாக இருந்தது. அப்புறம் நிலையம் காசு கட்டி அந்த வரம்பை நீக்கியபோது நான் ஒரு தரம் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து பேசி, கடைசியில் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லை. பட்டியலில் 34 பேர். அதில் பாதி "சாம்சுங் ஏ10", "ரெட்மி" என்று போன்களின் பெயர்! போன்கள் ஒழுங்காக வகுப்புக்கு வந்திருந்தன, பிள்ளைகளைத்தான் காணவில்லை. அன்றிலிருந்து காசு கட்டிய கணக்கிலும் 40 நிமிடத்தில் நானே நிறுத்துகிறேன்.

டேட்டா கணக்கை நான் முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும். கணக்கீட்டு ஆசிரியை, இதைக்கூடப் பார்க்கவில்லை. சூம் நிறுவனம் தருகிற அளவின்படி குழு வீடியோ நல்ல தரத்தில் ஓட நொடிக்கு 1 மெகாபிற் அளவு வேண்டும். அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 450 மெகாபைற். குரல் மட்டும் என்றால் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிற், மணித்தியாலத்துக்கு 36 மெகாபைற்றுக்குள் முடிந்துவிடும். குரலோடு திரையையும் பகிர்ந்தால் 70 மெகாபைற் அளவு. அதாவது என் முகத்தைக் காட்டாமல் விட்டால் ஒரு பிள்ளைக்கு இன்னும் ஐந்து வகுப்புக்கான டேட்டா மிச்சம். முதல் ஐந்து நிமிடம் முகத்தைக் காட்டி நாலு கதை கதைத்துவிட்டு, கமராவை மூடிவிட்டுப் பேரேட்டைத் திரையில் போடுவேன். பிள்ளைகளிடம் கமராவைப் போடச் சொல்லிக் கேட்பதை விட்டே நாலு வருடமாகிறது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டை எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும்?

பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2020இல் லேர்ண் (பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு) வழியாக நடந்த சூம் வகுப்புகளுக்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் செய்து கொடுத்தார்கள். எங்களைப் போன்ற சின்ன நிலையத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை, ரீலோட் காட் போட்டுத்தான் படித்தார்கள். அதனால்தான் எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு.

"விளங்கினதா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில் "ஓம் மிஸ்" தான். அதற்குப் பதிலாக ஒரு கொடுக்கல் வாங்கலைச் சொல்வேன்: கடைக்காரர் 45,000 ரூபாவுக்குக் கடனுக்குச் சரக்கு வாங்கினார், எந்தக் கணக்கில் வரவு (டெபிட்), எந்தக் கணக்கில் செலவு (கிரெடிட்)? எல்லோரும் பதிலை சூமின் சாட் பெட்டியில் அடித்து வையுங்கள், நான் மூன்று எண்ணும் வரை அனுப்பாதீர்கள். மூன்று என்றதும் 30 பதில் ஒன்றாக வந்து விழும். முதலில் அனுப்பும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் எழுத வழியில்லை. யார் எங்கே சறுக்கினார்கள் என்பது பத்து விநாடியில் எனக்குத் தெரிந்துவிடும். ஐந்து வருடத்தில் சூம் வகுப்பில் நான் கண்ட ஆகப் பெரிய முன்னேற்றம் இந்தச் சின்ன வேலைதான்.

ஆனால் உண்மையான படிப்பு சூமில் நடக்கவில்லை, வட்ஸ்அப்பில் நடந்தது. காரணம் கல்வியியல் கோட்பாடு ஒன்றுமில்லை, பக்கேஜ். பெரும்பாலான பிள்ளைகள் போடுவது சமூக ஊடகங்களுக்கு மட்டுமான மலிவுப் பக்கேஜ். நான் குழுவில் ஒரு யூடியூப் இணைப்பைப் போட்டால் சிலரிடம் அது திறக்கவே திறக்காது. அதே பாடத்தைக் குரல் பதிவாகவோ கோப்பாகவோ வட்ஸ்அப்பிலேயே அனுப்பினால் அந்தப் பக்கேஜுக்குள் அடங்கிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் கிண்ணியா மாணவன் ஒருவன். அதுவும் ஒரு வருடம் கழித்து. "மிஸ் நீங்க லிங்க் போட்டா எங்களுக்குச் சரிவராது" என்றான். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல்லயே மிஸ்."

அன்றைக்கே ஒரு பட்டியல் தயாரித்தேன். இப்போது ஒவ்வொரு புது அணிக்கும் முதல் வாரம் இதைத்தான் செய்கிறேன்: போன் சொந்தமா, பங்கா, எந்த நேரத்தில் கையில் இருக்கும், எந்த சிம், என்ன பக்கேஜ், இரவு டேட்டா உண்டா, வீட்டில் எந்த மூலையில் சிக்னல். பத்து நிமிட வேலை. பிறகு பாடத்திட்டத்தையே அதை வைத்துத்தான் ஒழுங்கு பண்ணுகிறேன். உதாரணத்துக்கு, நள்ளிரவு முதல் காலை வரை பாவிக்கும் இரவு டேட்டா பலரிடம் மிஞ்சிக் கிடக்கும் என்று தெரிந்த பிறகு, பெரிய கோப்புகளை இரவு 11 மணிக்குள் போட்டுவிடுவேன். பிள்ளைகள் சுபஹுத் தொழுகைக்கோ வேறு வேலைக்கோ எழும்பும்போது இறக்கிக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் மாலை வகுப்பு வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலை எப்போதும் விட்டுவிடுவேன்.

பதிவு செய்வதில் எனக்குப் பிடிபட்ட அளவு எட்டு நிமிடம். ஒரு பதிவில் ஒரு விஷயம் மட்டும். "பரீட்சை மீதி ஏன் சமப்படவில்லை" என்பது ஒரு பதிவு, "தேய்மானம்" இன்னொன்று. சூமில் பதிவு செய்தால் வீடியோவோடு குரல் மட்டும் உள்ள ஒரு கோப்பும் தனியாகக் கிடைக்கும். நான் முதல் அனுப்புவது அதைத்தான், கூடவே வெள்ளைத் தாளில் எழுதிய கணக்கின் ஒரு படம். குரலைக் கேட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தால் போதும். வீடியோ வேண்டியவர்கள் பிறகு கேட்டு வாங்குகிறார்கள், அப்படிக் கேட்பவர்கள் குறைவு. வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் பதிவுகளில் பாண் வண்டிப் பாட்டு கேட்கும். ஒரு பிள்ளை அதை வைத்தே "பாண்காரன் வந்த பாடத்தில மிஸ் சொன்னது" என்று சரியான இடத்தை ஞாபகம் வைத்திருந்தாள்.

ஒப்படைகளும் சோதனைகளும் வைக்கும் மென்பொருளான மூடிலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். எங்கள் நிலையம் அதை ஏதோ மலிவான சேவையகத்தில் நிறுவியிருந்தது. ஒப்படை கையளிக்கும் கடைசி இரவு எல்லோரும் ஒன்றாக நுழைய, அது படுத்துவிட்டது. குற்றம் மூடிலுடையது அல்ல, ஆனால் பிள்ளைகள் திட்டியது மூடிலைத்தான். அதன் பிறகு கடைசி நேரத்தை இரவு 12 என்று வைப்பதில்லை. ஒரு பாதிக்குப் புதன், மறு பாதிக்கு வியாழன், இரண்டுமே பின்னேரம் நாலு மணி. நான் விழித்திருக்கும் நேரத்தில் பிரச்சினை வந்தால்தானே பதில் சொல்லலாம்.

ஆனால் மூடில் வினாடிவினாவுக்கு ஈடில்லை. "கல்குலேட்டட்" வினா என்று ஒரு வகை அதில் உண்டு. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு தொகைகள் போகும், விடையையும் அதுவே திருத்தும். ஒருவருக்கு 1,20,000 ரூபா இயந்திரம், மற்றவருக்கு 85,000. விடையைக் குழுவில் பகிர்ந்து பயனில்லை, செய்யும் முறையைத்தான் பகிரலாம். அதைப் பகிர்ந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எழுதியதைத் தானாகச் சேமித்துக்கொண்டே இருப்பதால், இடையில் சிக்னல் போனாலும் அதுவரை சேமித்தது போகாது என்பது இன்னொரு நிம்மதி. தயாரிக்க நேரம் எடுக்கும், முதல் தவணை தலைவலிதான். ஒரு தரம் செய்தால் வருடக்கணக்காகப் பாவிக்கலாம்.

சோதனையின்போது கமராவால் கண்காணிப்பதை ஒரு முறை முயன்றோம். வேண்டாம். அதற்குப் பதில் நான் செய்வது ஐந்து நிமிடத் தொலைபேசி வாய்மொழிச் சோதனை. "நீ அனுப்பின ஐந்தொகையில கடன்கொடுத்தோர் ஏன் இந்தத் தொகை?" தானே செய்த பிள்ளை தடுமாறியாவது சொல்லிவிடும். பார்த்து எழுதிய பிள்ளை சிக்னல் இல்லை என்று சொல்லும். 35 பேருக்கு மூன்று பின்னேரம் போகும், ஆனால் விடைத்தாள் திருத்தும் நேரத்தைவிடக் குறைவு.

பாமினியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலருடைய பழைய குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அதை அப்படியே வேர்ட் கோப்பாக அனுப்பினால் பிள்ளையின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். நான் இரண்டு மாதம் அப்படி அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை. அவசரத்துக்கு பீடிஎப் ஆக்கி அனுப்பலாம், எழுத்துரு உள்ளேயே போய்விடும். ஆனால் பிள்ளைகள் சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டுமென்றால் யுனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு லீவு நாளில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் எங்கள் கரையைக் கடந்தபோது ஒரு கிழமை வகுப்பு குழம்பியது. அதுகூட ஒரு கிழமையோடு போயிற்று. 2022 அப்படியில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஏ, பி, சி என்று பகுதி பகுதியாக வெட்டினார்கள். டவுனில் கரண்ட் இருக்கும்போது மூதூரில் இராது. நீண்ட நேரம் வெட்டினால் டவரின் பற்றறியும் இறங்கி சிக்னலும் போய்விடும். பிள்ளைகளின் பகுதி எழுத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் பொதுவான நேரம் தேடினேன். அப்படி ஒரு நேரம் இருக்கவே இல்லை. அந்தக் காலத்தில் சூம் வகுப்பை முழுதாக நிறுத்திவிட்டு, வாரம் மூன்று குரல் பதிவு, ஒரு அப்பியாசம், ஞாயிறு ஒரு போன் அழைப்பு என்று ஓட்டினேன். ஆச்சரியம் என்னவென்றால் அந்தத் தவணைப் பெறுபேறு சூம் வகுப்பு ஒழுங்காக நடந்த தவணைகளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. என்னுடைய ஒரு வகுப்பை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்கு அது போதும்.

ஞாயிறு அழைப்பு இன்றும் தொடர்கிறது. இரண்டு ஒப்படை தொடர்ந்து தராத பிள்ளைகளுக்கு மட்டும், ஒரு ஞாயிறில் நாலைந்து பேர். ஒப்படையைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "எப்படி இருக்கிறீங்க, வீட்டில எல்லாரும் சுகமா?" அவ்வளவுதான். வேலைக்குப் போகத் தொடங்கியது, உம்மாவுக்குச் சுகமில்லாதது, போன் உடைந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். குழுவில் எழுதினால் ஒன்றும் வராது. அதேபோல் எனக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன்: கேள்விகளுக்குப் பதில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரைதான். முதல் வருடம் நள்ளிரவு வரை பதில் எழுதிக் கண் வலி வந்தது. நேரத்தைக் குறித்த பிறகு கேள்விகள் குறையவில்லை, நன்றாக யோசித்துக் கேட்கிறார்கள்.

இன்னும் சரிவராதது குழு வேலை. ஐந்து பேர் குழுவில் ஒருவர் செய்ய நாலு பேர் பெயர் போடுவது இணையத்தில் இன்னும் மோசம். பல வழி முயன்று இப்போது இருவர் இருவராக மட்டும் தருகிறேன்.

பதிவுகளும் பழசாகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வற் (பெறுமதி சேர் வரி) பாடத்தை 2020இல் 8 வீதம் என்று சொல்லிப் பதிந்தேன். 2022 ஜூனில் 12 ஆயிற்று, திரும்பப் பதிந்தேன். அந்தச் செப்டெம்பரிலேயே 15. 2024 ஜனவரியில் 18. நாலாவது தரம் பதியும்போது வீதத்தைச் சொல்லாமல் "தாளில் எழுதியிருக்கும் வீதத்தால் பெருக்குங்கள்" என்று மட்டும் சொல்லி முடித்தேன். தாளை மாற்றுவது இரண்டு நிமிட வேலை.