ஒரே பூஞ்சை, இரண்டு வீடுகள்

எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய 'அஷர் வீட்டின் வீழ்ச்சி'யில், வீட்டின் வெளிச்சுவர் முழுக்க நுண்ணிய பூஞ்சை படர்ந்து இறவாரத்திலிருந்து வலைபோல் தொங்குகிறது. போவுக்கு அது ஒரு வரி. நம் காலத்தில் இரண்டு எழுத்தாளர்கள் அதிலிருந்தே முழுக் கதையை எடுத்தார்கள்: சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் கோதிக்' (2020), டி. கிங்ஃபிஷரின் 'வாட் மூவ்ஸ் தி டெட்' (2022). பின்னது போவின் கதையையே திருப்பி எழுதியது. எழுதிக்கொண்டிருந்தபோது முன்னதைப் படித்துவிட்டு, இதற்குமேல் தான் என்ன எழுத என்று தயங்கியதாகக் கிங்ஃபிஷரே நூலின் முடிவில் சொல்கிறார். இனி வருவதில் கதை முடிச்சுகள் அவிழும். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'மெக்சிகன் கோதிக்' 1950-இல் நடக்கிறது. கல்யாணமாகிப் போன ஒன்றுவிட்ட சகோதரி கத்தலினாவிடமிருந்து குழப்பமான கடிதம் வர, நாயகி நோயமி மலைமேல் இருக்கும் 'ஹை பிளேஸ்' மாளிகைக்குப் போகிறாள். அது கத்தலினா மணம் முடித்துப் போன, டாயில் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் வீடு. அவர்களுடைய வெள்ளிச் சுரங்கம் நின்றுபோய் நாளாகிவிட்டது. நாவலில் வரும் ஊர் கற்பனை. ஆனால் அதற்கு மூலமான, மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே நிஜம். 1820-களில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளிகள் வந்து இறங்கிய ஊர், ஆங்கிலேயருக்கென்று தனிக் கல்லறைத் தோட்டமும் அங்கே உண்டு. நாவலின் பெரும் பலம் இந்த வரலாறுதான். டாயில்கள் தோட்டத்துக்கு இங்கிலாந்திலிருந்து மண்ணைக் கொண்டுவருகிறார்கள். செத்த உள்ளூர்த் தொழிலாளிகளின் உடல்களோ பூஞ்சைக்கு உரமாகின்றன. முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே கிழவர் ஹோவர்ட் நோயமியின் நிறத்தைச் சுட்டிப் பேசுகிறார். இனத் தூய்மை பற்றிய அந்தப் பேச்சு வெறும் அலங்காரம் அல்ல. குடும்பத்துக்குள்ளேயே மணம் முடிப்பதற்கும், கிழவர் சாகாமல் உடல் மாறுவதற்கும் அதுதான் காரணம். பேயை எடுத்துவிட்டாலும் இந்த வீடு பயங்கரமாகவே இருக்கும்.

பலவீனம் நடுப்பகுதியில். கனவு, தூக்கத்தில் நடப்பது, வீட்டை நடத்தும் ஃபுளோரன்ஸின் கண்டிப்பு, அவள் மகன் பிரான்சிஸுடன் ஆறுதல் பேச்சு என்ற சுற்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. அதைவிடப் பெரிய குறை, பூஞ்சை என்ன செய்கிறது என்பதை ஒரு பாத்திரமே உட்கார்ந்து விளக்கிவிடுவது. வாசகர் தடயங்களைத் தானே கூட்டிப் பார்த்து நடுங்கியிருக்க வேண்டிய இடம் அது. விளக்கம் கிடைத்தபின் திகில் போய், தப்பிக்கும் பரபரப்பு மட்டும் மிஞ்சுகிறது.

கிங்ஃபிஷர் அந்த இடத்தில் கெட்டிக்காரர். 1890, ஐரோப்பாவில் ஒரு கற்பனை நாடு, அங்கே அஷர் வீட்டுக்கு வரும் முன்னாள் படைவீரர் ஈஸ்டன். ஏரிக்கரை முயல்கள் ஒழுங்கற்ற நடையில் வந்து, ஓடாமல் உட்கார்ந்து வெறிக்கின்றன. சுட்ட முயல் மறுபடி நகர்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை இழைகள். நோயுற்ற மேடலின் அஷரின் கையிலும் அதே மெல்லிய வெள்ளை முடிகள். யாரும் விளக்க வேண்டியதில்லை. பூஞ்சையிடம் வஞ்சமும் இல்லை. பேசக் கற்றுக்கொள்ளும் குழந்தையைப்போல் அது மேடலினின் வாயைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் அதை அழிக்கும்போது மனம் கலங்குகிறது.

ஆனால் முதல் பக்கத்திலேயே காளானைக் காட்டிவிடுவதால், விடையில் வாசகர் ஈஸ்டனைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறார். கற்பனை நாடு என்பதால் வீட்டுக்குக் கீழே வரலாறு என்று எதுவும் இல்லை. அஷர் குடும்பம் யாரைச் சுரண்டி வாழ்ந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. வீடு அழிந்தால் கதையும் அழிந்துவிடுகிறது. மொரேனோ-கார்சியாவின் முடிவில் வீடு எரிந்தபின்னும், பிரான்சிஸின் உடம்புக்குள் அது உயிரோடு இருக்குமோ என்ற சந்தேகம் தங்கிவிடுகிறது.

விளக்கமே வேண்டாம் என்பவர்களுக்கு சாரா வாட்டர்ஸின் 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' (2009) இருக்கிறது. கடைசிவரை பேயா மனிதனா என்று அது சொல்லாது. பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

பூஞ்சை நாவல் இரண்டையும் படிக்க நினைத்தால் 'மெக்சிகன் கோதிக்'கை முதலில் எடுங்கள். கிங்ஃபிஷரின் குறுநாவல் தன் ரகசியத்தைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், இரண்டாவதாகப் படித்தாலும் அதற்கு நட்டமில்லை. வரிசையை மாற்றினால், ஹை பிளேஸின் சுவர்க் காகிதத்தில் அசைவது என்னவென்று நோயமிக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.