டர்போ ஜீப்பின் பெற்றோல் கணக்கு: திருகோணமலை வீதிகளில் சில வருட அனுபவம்

திருகோணமலையில் சுபாரு ஃபொரஸ்டர் எக்ஸ்டி வைத்திருப்பவரிடம் பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்பவர்கள் முதலில் கேட்பது, “தம்பி, லீற்றருக்கு எத்தனை போகுது?” என்பதைத்தான். “எந்த ரோட்டில எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்பது என்னுடைய வழக்கமான பதில். கேட்பவர்கள் அதை நழுவலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உவர்மலையிலிருந்து சந்தைக்கும் டொக்யார்ட் வீதிக்கும் ஓடித் திரியும்போது லீற்றருக்கு 6.5 அல்லது 7 கிலோமீற்றர் தரும் இதே வாகனம், கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும்போது 11ஐத் தொடுகிறது. இரண்டையும் கலந்து 9 என்று சொல்லலாம். அந்த 9 எந்த நாளிலும் எந்த வீதியிலும் எனக்குக் கிடைத்ததில்லை என்பதால் அதைச் சொல்வதில் பொருளில்லை.

வாகனத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2 லீற்றர் நேரடி உட்செலுத்தல் டர்போ எஞ்சின், ஜப்பான் சந்தைக்கான பதிப்பில் 280 குதிரைவலு, 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, சீவீடி (படிகள் இல்லாமல் விகிதம் மாறும் தானியங்கி) கியர், நான்கு சில்லுக்கும் வலு, 1,600 கிலோவை நெருங்கும் எடை. நான் தரும் கணக்குகள் எல்லாம் தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி அதே செட்டில் அதே பம்பில் நிரப்பிப் பார்த்தவை. பம்பின் கைபிடி தானாக முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், “ரவுண்டா அடிக்கட்டா?” என்று கேட்டு ஊழியர் மேலும் இரண்டு தரம் அழுத்தினால் கணக்குக் கெட்டுவிடும். முகப்புத் திரை காட்டும் சராசரி, இப்படிக் கிடைக்கும் கணக்கைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கிறது.

ஜப்பானின் ஜேசி08 என்ற எரிபொருள் பாவனைச் சோதனையில் இந்த மாதிரிக்குரிய பெறுமதி லீற்றருக்கு 13.2 கிலோமீற்றர். அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்ச வேகம் 81.6, ஏசி நிறுத்தப்பட்டிருக்கும். அப்படி ஒரு பயணம் திருகோணமலையில் யாருக்கும் வாய்க்காது. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 250 குதிரைவலுப் பதிப்புக்குக் கொடுத்த பெறுமதிகளை நம் அலகுக்கு மாற்றினால் நகரில் 9.8, நெடுஞ்சாலையில் 11.9, கலந்து 10.6 என வரும். அவர்களுடைய சோதனைத் தொகுதியில் 35 பாகை வெப்பத்தில் ஏசியை இயக்கி ஓட்டும் பகுதியும் ஒன்று உண்டு. நம்முடைய வெயிலுக்கு அதுவே அதிகம் பொருந்துகிறது. எனவே இறக்குமதி வாகனம் ஒன்றைப் பற்றி அறிய விரும்புபவர், விற்பனையாளர் காட்டும் ஜப்பான் எண்ணை ஒதுக்கிவிட்டு அமெரிக்க எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது.

டர்போ (எஞ்சினின் புகை விசையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் கருவி) பெற்றோலைக் குடிக்கும் என்ற பொதுவான பேச்சில் பாதிதான் சரி. நிதானமாக ஓடும்போது டர்போ சுழன்றுகொண்டிருந்தாலும், உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கம் வெளியே உள்ள வளியமுக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கிறது. அந்த நிலையில் இது சாதாரண 2 லீற்றர் எஞ்சினைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதமும் குலையாது. அக்சிலேற்றரை ஆழ மிதித்ததும் நிலைமை மாறுகிறது. அமுக்கி நிரப்பப்படும் காற்றுக்கு ஏற்பப் பெற்றோல் கூடுவது ஒரு பக்கம். எரியறையும் டர்போவும் மிதமிஞ்சிச் சூடாகாமல் இருப்பதற்காக, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான பெற்றோலை எஞ்சினின் கணினி செலுத்தி, அது ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தைக் கொண்டு குளிரவைப்பது இன்னொரு பக்கம். அப்போது விகிதம் 12க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும். இந்த மேலதிகப் பெற்றோலால் வண்டி வேகமாகப் போவதில்லை.

தம்பலகாமம் சந்தியைக் கடந்து, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்றை முந்தும்போது இதைத் திரையில் கண்ணால் காணலாம். அதுவரை பூச்சியத்துக்குக் கீழே கிடந்த டர்போ மானியின் முள் துள்ளி எழ, கணநேரப் பாவனையைக் காட்டும் கோடு லீற்றருக்கு 3 வரை சரிகிறது. முந்தி முடித்துக் காலைத் தளர்த்தியதும் இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. அந்தச் சில விநாடிகள் முழுப் பயணத்தின் கணக்கில் பெரிதாகத் தெரிவதில்லை. நகருக்கு வெளியே நம்முடைய வேக எல்லை 70. அந்த வேகத்தில் சீவீடி எஞ்சின் சுழற்சியை 1,500ஐ ஒட்டியே வைத்திருக்கிறது. ஹபரணைப் பக்கம் யானைக்குப் பயந்து எல்லோரும் இன்னும் மெதுவாகத்தான் போகிறார்கள். குருநாகலிலிருந்து மீரிகமை வரை அதிவேகப் பாதையில் ஏறி 100 இல் ஓடினால் மட்டும் கணக்கு 10க்குக் கீழே வருகிறது.

வெளியூர்க்காரர் எதிர்பார்க்காத ஒன்று கச்சான் காற்று. தென்மேற்குப் பருவத்தில் கந்தளாய்க்குப் போகும்போது அது நேரே முகத்தில் அடிக்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 70 இல் ஓடும் வாகனம் காற்றைப் பொறுத்தவரை 100 இல் ஓடுகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உயரமும் அகலமுமான ஜீப்பில் இது நன்றாகவே உறைக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினாலும், போகும்போது இழந்தது முழுவதும் கைக்கு வருவதில்லை.

நகருக்குள் குறைவதற்கு டர்போவைக் குறைசொல்ல முடியாது. இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டம், எஞ்சின் ஒயில் சரியாகச் சூடாகும் முன்பே நிறுத்தம், நின்ற இடத்தில் ஏசி, கோட்டை வாசலுக்குள் நுழைந்து மான்களுக்கு வழிவிட்டுக் கோணேசர் கோயில் வரை ஊர்ந்து ஏறுவது என்பனவே காரணம். எடை கூடிய எந்த வாகனத்துக்கும் இதே கதிதான். இந்த ஓட்டம் மட்டுமே உள்ளவர் ஹொண்டா வெசல் ஹைபிரிட் வாங்குவதே புத்தி; அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒக்டேன் (பெற்றோல் அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) 92 போதாதா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் இந்த எஞ்சினுக்கு விதிக்கப்பட்டுள்ள உயர்தரப் பெற்றோலின் தர நியமம் குறைந்தது 96 ஒக்டேன். அப்படிப் பார்த்தால் நம்முடைய 95கூட ஒரு படி கீழேதான். மெதுவாக ஓடும்போது 92க்கும் 95க்கும் வித்தியாசம் தெரியாது. மதிய வெயிலில் நெரிசலில் நின்று டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் சூடேறிய பின் மிதித்தால், நொக் (பெற்றோல் தானாகப் பற்றி வெடிப்பது) ஏற்படாதிருக்கக் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது. வலு குறைய, கால் இன்னும் ஆழப் போகிறது. 2022 ஜூன் மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாகவும் ஒக்டேன் 95 லீற்றருக்கு 550 ரூபாவாகவும் இருந்தபோதுகூட நான் 95ஐ விடவில்லை. அந்த வித்தியாசத்தை வீதியில் மீட்க முடியாது, எஞ்சினுக்காகக் கொடுப்பதுதான். அதன் பின்னர் வந்த கியூஆர் குறியீட்டு எரிபொருள் பங்கீட்டில் காருக்கு முதலில் வாரம் 20 லீற்றர் தந்தார்கள். நகருக்குள் அது 140 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் 220, அதாவது கொழும்புக்கு ஒருவழிப் பயணத்துக்கும் போதாது. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட்டோம்.

பாவித்த டர்போ ஜீப் வாங்குபவர், கந்தளாய் வரை ஒருதரம் போய்வந்து தாங்கியை நிரப்பிப் பார்க்கட்டும். நிதானமாக ஓடியும் 9ஐத் தாண்டவில்லையென்றால், கராஜில் முதலில் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே வெடிப்பு இருந்தால், அமுக்கம் ஏறும் நேரத்தில் உணரி அளந்துவிட்ட காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விட, கணினி அதற்கும் சேர்த்தே பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும்.