ஃபார்சியில் புண்ணை அளக்க: புஷ்ஷா, பேட்ஸ்-ஜென்சனா?

படுக்கைப்புண்ணைப் பார்த்துவிட்டு "போன வாரத்துக்கு இப்போ தேவலை" என்று ஒரு நர்ஸ் எழுதி வைத்தால், அடுத்த ஷிப்டில் வருபவருக்கு அதில் பிடி எதுவும் கிடைக்காது. எண் போடும் கருவிகள் வந்தது அதற்காகத்தான். ஈரானிய மருத்துவமனைகளுக்காக ஃபார்சியாக்குவது என்றால் என் கண்ணில் முதலில் படுபவை புஷ், பேட்ஸ்-ஜென்சன் என்ற இரண்டு கருவிகள்.

புஷ் சின்னது. அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு 1990களில் உருவாக்கியது. பரப்பளவு, கசிவின் அளவு, திசுவின் வகை என்று மூன்றே கேள்விகள். அதிகபட்சம் 17, ஆறிவிட்டால் 0. மொழிபெயர்க்க அதிகம் இல்லை. ஆனால் ஆழத்தை இது கேட்பதே இல்லை. வாய் சுருங்கி உள்ளே குழியோடிய புண்ணுக்கும் மதிப்பெண் இறங்கிவிடும். எனக்கு இது பெரிய குறை.

பார்பரா பேட்ஸ்-ஜென்சனின் கருவியோ 13 அம்சங்களுக்குத் தலா 1 முதல் 5 வரை போடச் சொல்கிறது. ஆழம், விளிம்பு, தோலுக்கு அடியில் ஓடும் குழி, வீக்கம் எல்லாம் உண்டு. மொழிச் சிக்கலும் இங்கேதான். கசிவு ரத்தமா, ரத்தம் கலந்த நீரா, தெளிந்த நீரா, சீழா என்று பிரிக்க வேண்டும். ரத்தம் கலந்த நீருக்கு ஃபார்சியில் 'கூனாபே' என்று அருமையான சொல் இருக்கிறது. சீழுக்கு 'செர்க்' என்பார்கள். அழுக்குக்கும் அதே சொல்தான். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும்போது இந்தக் குழப்பம் வெளியே தெரியாமல் போகலாம். படுக்கையருகே நிற்கும் நர்ஸிடம் "இதைப் படித்து என்ன புரிந்தது?" என்று கேட்டால்தான் தெரியும். 10 நிபுணர்கள் பார்த்து, ஒவ்வொரு அம்சமும் அவசியம் என்று எத்தனை பேர் ஒப்புகிறார்கள் என்பதற்கு லாஷே என்ற ஆய்வாளர் 1975இல் சொன்ன 0.62 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்பதோடு நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, சுற்றுத்தோலின் நிறம். கருத்த தோலில் சிவப்பு வேறு மாதிரி தெரியும். ஈரானின் தென்கிழக்கில், கருத்த தோலுள்ளவர்களும் வாழும் சிஸ்தான்-பலூசிஸ்தானில் வேலை செய்பவருக்கு அந்த விளக்கமும் ஃபார்சியில் கையில் இருக்க வேண்டும்.

சரி, சரிபார்ப்பு? ஒரு கருவியின் அம்சங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை நான் பெரிதாக நம்பமாட்டேன். ஆழமான புண் வறண்டும் இருக்கலாம். 13 அம்சங்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டிய அவசியமில்லை. ஒரே புண்ணுக்கு இரண்டு நர்ஸ்கள் தனித்தனியே ஒரே எண்ணைப் போடுகிறார்களா, புண் ஆற ஆற எண் இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

புண் சிகிச்சைப் பிரிவுக்கு என் தேர்வு பேட்ஸ்-ஜென்சன். வீட்டுக்குப் போய்க் கவனிப்பவர்களுக்கு புஷ் போதும். ஆழத்தை மட்டும் மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். வலியால் தூக்கம் கெட்டதா, நாற்றத்தால் கூச்சமா என்று இந்த இரண்டு கருவிகளுமே நோயாளியைக் கேட்பதில்லை. அதற்கு நோயாளியே நிரப்பும் 17 கேள்விகள் கொண்ட, புண்ணோடு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அளக்கும் வூண்ட்-கியூஓஎல் போன்ற படிவத்தையும் ஃபார்சியாக்க வேண்டும். ஈரானில் வாழும், ஃபார்சியின் ஆப்கானிய வடிவமான தாரி பேசும் ஆப்கானியர்களிடமும் அதைப் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பட்டும்.