'கிஃப்டட் சீரிஸ்' மேசை வாங்கப் போய் 1,44,000 ரூபாய் போச்சு: பள்ளிக்காரர்கள் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவோம். அந்தக் கம்பெனிக்காரர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

போனது 1,44,000 ரூபாய். என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு எரியாது. எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள், துபாயில் இருப்பவர் முதல் உள்ளூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர் வரை, ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்த்துக் கொடுத்தது. எங்களுடையது டெல்டா பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் வருடத்துக்கு 12,000 ரூபாய், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கிடைக்கும். அதாவது நான்கு வருடத்துக்கு 48,000. இந்த 1,44,000 ரூபாய், அப்படி மூன்று பிள்ளைகளின் முழு உதவித்தொகை. எங்கள் ஊரில் பணத்தை நாங்கள் இப்படித்தான் கணக்குப் போடுவோம்.

எதற்காக இந்த மேசை என்று சிலர் கேட்கலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளிலிருந்து மீத்திறன் மாணவர்கள் 24 பேரைத் தனியாக எடுத்து, சாயங்காலம் கடைசி இரண்டு பீரியட் நான் கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். இந்தப் பிள்ளைகளை வரிசை பெஞ்சில் உட்கார வைப்பது பெரும்பாடு. ஒருவன் நின்றுகொண்டுதான் யோசிப்பான். ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைந்தால்தான் அவளுக்கு விடை வரும். நாலு பேர் சேர்ந்து அடித்துக்கொண்டு ஒரு கணக்கைப் போடுவார்கள், பத்து நிமிஷம் கழித்து அவரவர் தனியாகப் போய் உட்கார வேண்டும். மூன்று பேருக்கு இடம் உள்ள பெஞ்சை, ஆணி அடித்த மாதிரி போட்டுவிட்டு, "பிரிந்து உட்காருங்கள், சேர்ந்து உட்காருங்கள்" என்றால் என்ன செய்யும் அந்தப் பெஞ்சு? அதனால்தான் சக்கரம் வைத்த சரிவக மேசைகள், உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல்கள், ஆடும் ஸ்டூல்கள், நின்று எழுத இரண்டு உயர மேசைகள் என்று ஒரு பட்டியல் போட்டோம்.

விற்பவரைக் கண்டுபிடித்தது, மொத்த வியாபாரிகளையும் வாங்குபவர்களையும் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய இணையதளத்தில். பெயர் பக்கத்தில் பச்சை டிக். ஐந்து நட்சத்திரம். "சரிபார்க்கப்பட்டவர்" என்ற முத்திரை. கோவை பக்கம் தொழிற்சாலை என்று போட்டிருந்தார்கள்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர் பிடிக்க வந்த பையன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். "மேடம், மேடம்" என்று அத்தனை மரியாதை. சாம்பிள் மேசை ஒன்றை டெம்போவில் வைத்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். நான் கேட்கவே இல்லை. இதுதான் எங்களைச் சாய்த்தது. 18 எம்.எம். பிளைவுட், மேலே மைக்கா, ஓரமெல்லாம் வழவழவென்று. மூன்று அங்குலச் சக்கரம், நான்கிலும் பிரேக். ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஹெச்.எம். சார் சாதாரணமாக எதற்கும் தலையாட்டுகிறவர் இல்லை. அவரே குனிந்து அடியில் பார்த்துவிட்டு "வெல்டிங் நல்லாருக்கே" என்றார். அந்தப் பையன் வகுப்பறையை டேப் வைத்து அளந்தான், ஜன்னல் எந்தப் பக்கம், ஃபேன் எங்கே, போர்டு எங்கே என்றெல்லாம் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டான். "எங்க அக்கா பையனும் இந்த மாதிரிதான் மேடம், கிளாஸ்ல உட்காரவே மாட்டான், இப்ப ஐ.ஐ.டி." என்றான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விலைப்பட்டியல் மொத்தம் 2,40,000 ரூபாய். அதில் 'கிஃப்டட் சீரிஸ்', அதாவது மீத்திறன் பிள்ளைகளுக்கானது, என்று ஒரு தலைப்பு. சாதாரண ஸ்டூலுக்கு ஒரு விலை, அதே ஸ்டூல் இந்தத் தலைப்புக்குக் கீழே வந்தால் இன்னொரு விலை. கேட்டதற்கு "இது மூளை வளர்ச்சிக்கான டிசைன் மேடம்" என்றான். ஸ்டூலில் உட்கார்ந்து மூளை வளர்ந்தால் நான் எதற்கு? அதைப் பேரம் பேசிக் குறைத்த பிறகுதான் அந்த 2,40,000. 60 சதவீதம் முன்பணம், பொருத்திக் கொடுத்த பிறகு மீதி என்று எழுத்தில் வாங்கினோம். பட்டியலில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணையும் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. பள்ளிக் கணக்கிலிருந்து 1,44,000 ரூபாய் போனது.

அதன் பிறகு ஆரம்பித்தது நாடகம். வெல்டர் ஊருக்குப் போயிட்டார். பவுடர் கோட்டிங் லைன் ரிப்பேர். லாரி கிளம்பிடுச்சு மேடம், திருச்சி தாண்டிடுச்சு. படம் அனுப்புங்கள் என்றால் ஒரு லாரியின் பின்பக்கப் படம் வரும், அதில் என்ன சரக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். காலாண்டு விடுமுறைக்குள் வகுப்பைத் தயார் பண்ணலாம் என்று நினைத்திருந்தோம். அரையாண்டே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு மழை நாளில் வண்டி வந்தது. பன்னிரண்டு மேசைக்கு ஆறுதான். ஸ்டூல்கள் பாதி. நின்று எழுதும் மேசை கிடையாது. தார்பாய் கூடச் சரியாகப் போடவில்லை. இறக்கி வைத்து, மறுநாள் காலையில் பார்த்தால் மேசை ஓரமெல்லாம் ஊதிக் கிடக்கிறது. பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இது பிளைவுட் இல்ல, தூளை அமுக்கிச் செஞ்ச பலகை. அதுவும் 12 எம்.எம்.தான். தண்ணி பட்டா இப்படித்தான்" என்றார். பார்ட்டிகிள் போர்டு. சக்கரம் இரண்டு அங்குல பிளாஸ்டிக், பிரேக் ஒன்றிலும் இல்லை. மேசை உயரம் 76 செ.மீ., ஆபீஸ் மேசை மாதிரி. ஆறாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தால் தோள் காதுக்கு வருகிறது. 38 முதல் 50 செ.மீ. வரை உயரம் மாற்றலாம் என்ற ஸ்டூல், மேலே போய் மாட்டிக்கொண்டு கீழே இறங்கவே மறுக்கிறது. ஆடும் ஸ்டூலின் அடியில் ரப்பர் இருக்க வேண்டும். வந்ததில் வெறும் பிளாஸ்டிக். எங்கள் மொசைக் தரையில் ஒரு குழந்தை சறுக்கி விழுந்து முகவாயைச் சிராய்த்துக்கொண்டாள். அன்றைக்கே எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டேன்.

இதில் சிரிக்கிற மாதிரி ஒன்றே ஒன்று நடந்தது. சரிவக மேசையில் அடிக்கோணம் 60 டிகிரி இருந்தால்தான் ஆறு மேசை சேர்ந்து வட்டமாக மூடும். மூன்று பக்கம் 60 செ.மீ., நீளப் பக்கம் 120 என்றுதான் பட்டியலிலும் இருந்தது. பிள்ளைகள் ஆறையும் சேர்த்துப் பார்த்தார்கள், மூடவில்லை. ஒருத்தி பாகைமானி எடுத்து அளந்தாள்: 63. நீளப் பக்கம் 114 சொச்சம். "டீச்சர், 180-ல ரெண்டு 63 போனா ஒரு மேசைக்கு 54 டிகிரிதான் வருது. ஆறுக்கு 324, 36 டிகிரி குறையுது. ஏழு வெச்சா 378, இடிக்கும். இது எத்தனை வெச்சாலும் சேராது டீச்சர்." இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் இதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை, அல்லது பார்த்தும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்குப் போன் பண்ணினேன். மேசைக் கால் குழாயின் கனம் 16 கேஜ் என்று பேசியிருந்தோம், வந்தது 20 கேஜ் என்றேன். அதற்கு அவன் சொன்னான்: "மேடம், 16-ஐ விட 20 பெருசுதானே? உங்களுக்காக அப்கிரேட் பண்ணிக் கொடுத்திருக்கோம்." கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். 16 என்றால் சுமார் 1.6 எம்.எம்., 20 என்றால் ஒரு எம்.எம். கூட இல்லை. நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்துதான் இப்படிப் பேசுகிறான்!

அப்புறம் அவன் எடுப்பதில்லை. "ரிலேஷன்ஷிப் மேனேஜர்" என்று ஒரு பெண் எடுத்தாள். அக்கவுண்ட்ஸைக் கேளுங்கள் என்றாள். அக்கவுண்ட்ஸ், டிஸ்பாட்ச்சைக் கேட்கச் சொன்னது. டிஸ்பாட்ச், மீதி 96,000 கட்டினால்தான் மிச்ச சரக்கு என்றது. மாட்டோம் என்றதும் ஒரு குறுஞ்செய்தி: "வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்ததால் முன்பணம் திருப்பித் தரப்படாது, பில்லின் பின்பக்கம் பார்க்கவும்." பில்லே சரக்கோடுதான் வந்தது, பணம் கட்டும்போது அந்தப் பின்பக்கம் எங்கே இருந்தது? அந்தப் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணும் வேறு. பட்டியலில் 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண், பில்லில் 07 என்று தொடங்கும் டெல்லி எண். தேடினால் அந்தப் பதிவே ரத்தாகியிருக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பில் அவர்கள் படம் கூடத் தெரியவில்லை.

இணையதளத்துக்காரர்கள் இன்னும் மோசம். "நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே." அப்படியானால் பச்சை டிக் எதற்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்கள்? 2020 மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பெற்றுக்கொண்டார்கள். அதோடு சரி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தால், சரக்கு வந்திருப்பதால் இது சைபர் மோசடி இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் எண் வாங்கியிருக்கிறேன். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, அதற்குத்தான் இப்போது காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்காக வாங்கியது வியாபாரத்துக்காக வாங்கியது ஆகாது என்று வாதாட வேண்டியிருக்கும் என்று ஒரு வக்கீல் சொன்னார். வாதாடுவோம்.

இத்தனைக்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் நம் தொடக்கப் பள்ளிகளில் பாயும், சுவரில் தாழப் பதித்த கரும்பலகையும் வைத்தே பிள்ளைகள் இஷ்டப்படி உட்கார்ந்து படித்தார்கள். சக்கரமும் இல்லை, சீரிஸும் இல்லை.

எப்படி ஏமாறாமல் வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், ஹெச்.எம். சார் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவசரமாக இவ்வளவு: சாம்பிளைத் திருப்பி அனுப்பாதீர்கள், பள்ளியிலேயே வைத்துக்கொண்டு வருவதை அதோடு ஒப்பிட்டு இறக்குங்கள். பலகை என்ன, எத்தனை எம்.எம்., குழாய் எத்தனை எம்.எம். என்று எழுதி வாங்குங்கள், கேஜ் எண்ணை நம்பாதீர்கள். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பில் மாதிரியைப் பின்பக்கத்தோடு முன்பே கேளுங்கள். முடிந்தால் உள்ளூர் ஆசாரியிடம் கொடுங்கள். எங்கள் ஆசாரி அதே சரிவக மேசையை 60 டிகிரியில் செய்து தருகிறேன் என்கிறார், ஆனால் செய்யச் சொல்லப் பணம் இல்லை. அந்த 1,44,000 அங்கே மாட்டிக்கிடக்கிறது.

கோவை தொழிற்சாலை, சாம்பிள் டெம்போ, அக்கா பையன் ஐ.ஐ.டி., இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் பள்ளிக்கும் யாராவது வந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மனுவை இரண்டு மூன்று பள்ளிகளாகச் சேர்ந்து போடலாம்.