தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் 5.1 ஒலி: ஏழு வருட அனுபவம்

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். எட்டுத் தறி ஓடுகிற சத்தம் பகலெல்லாம் ஆசாரத்துக்குள், அதாவது நடுக்கூடத்துக்குள், கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆசாரத்தில் 2018 தீபாவளிக்கு ஒரு 5.1 ரிசீவரும் ஸ்பீக்கர் செட்டும் வாங்கி வைத்தேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த அதிர்வுக்கு ஒரு சப்-ஊஃபர். வருகிற ஒலியைப் பிரித்து அவற்றுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். ஏழு வருடம் ஓடிவிட்டது. வாங்கின புதிதில் இதை எழுதியிருந்தால் தப்பாக எழுதியிருப்பேன். முதல் இரண்டு வருடம் நான் கேட்டது 5.1 ஒலியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வாங்கியது அம்மாவுக்காக. முப்பது வருடத்துக்கு மேல் நாடாத் தறி ஓட்டியவர். காது மந்தமாகிவிட்டது. இப்படித் தொடர்ந்து இரைச்சலில் இருப்பவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள்தான் முதலில் குறையுமாம், காது டாக்டர் சொன்னார். பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யொலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் டிவியில் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வால்யூமைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து பின்னணி இசையும் கூடும். சண்டை வந்தால் வீடே அதிரும். "ஏங்கண்ணு, அவன் என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் படம் பார்த்தவர், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோவையில் காந்திபுரத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பையனே வந்து மாட்டிக் கொடுத்தான். டிஷ் பெட்டியும் டிஸ்க் பிளேயரும் எச்டிஎம்ஐ வயரில் டிவிக்குப் போகும், டிவியிலிருந்து ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள் ரிசீவருக்கு வரும். பார்க்க நறுவிசாக இருந்தது. ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது, சப்-ஊஃபர் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

2020-இல் ஊரடங்கு சமயம் அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு நாள் படம் ஓடும்போது ரிசீவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் முகப்பில் ஒளிர்கிற எழுத்தைப் படித்தான். "ஏனுங் மாமா, இதுல பிசிஎம்னுல்ல வருது. டிஸ்க்குல டால்பி டிஜிட்டல்னு போட்டிருக்குதே?" என்றான். நான் அந்த எழுத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். அது ரிசீவரின் ஏதோ ஒரு மோட் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். டிஸ்க்கில் இருக்கும் டால்பி டிஜிட்டல் ஒலியில் முன்னால் இடது, நடு, வலது, பின்னால் இடது, வலது என்று ஐந்து தடம், அப்புறம் தாழ்ந்த அதிர்வுக்கென்று ஒரு தடம், எல்லாம் தனித்தனியாக இருக்கும். டிவிடி என்றால் நொடிக்கு 448 கிலோபிட் வரைக்கும் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்ப வேண்டும், ரிசீவர்தான் பிரிக்க வேண்டும். டிவி மெனுவில் 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருப்பது இதைத்தான். எங்கள் பழைய டிவியோ, எச்டிஎம்ஐ வழியாக உள்ளே வந்த ஒலியைத் தானே இரண்டு தடமாக்கி, அந்த ஸ்டீரியோவைத்தான் பிசிஎம் என்ற சுருக்காத வடிவில் ஆப்டிகல் கேபிளில் அனுப்பியிருக்கிறது. அந்தக் காலத்து டிவிகள் நிறைய இப்படித்தான். ரிசீவர் அதை வாங்கி, கணக்குப் போட்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பியிருக்கிறது. எங்கள் தொழிலில் சொன்னால், ஐந்து நிற நூலையும் இரண்டு இழையாக முறுக்கிவிட்ட பிறகு, தறிக்கு வந்து நிறம் பிரிக்கச் சொன்ன மாதிரி. ஓரளவுக்குப் பிரிக்கலாம், முழுசாக முடியாது.

ஆப்டிகல் கேபிளைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு தட பிசிஎம்மும் போகும், சுருக்கிய டால்பி டிஜிட்டலும் அதே மாதிரி இன்னொரு வகையான டிடிஎஸ்ஸும் போகும். ப்ளூ-ரேயில் வரும் உயர்தர ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் இரண்டும் அதில் போகாது. அவற்றுக்கு எச்டிஎம்ஐ வேண்டும்.

அன்றைக்கே வயர்களை மாற்றினோம். டிஷ் பெட்டியும் பிளேயரும் நேராக ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ டிவிக்கு. பிளேயர் மெனுவில் ஆடியோ 'பிசிஎம்' என்று இருந்ததை 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்கினோம். டிஸ்க்கைப் போட்டதும் ஒரு நொடி அமைதி. பிறகு முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வந்தது. அந்த ஒரு நொடி இடைவெளி இன்றைக்கும் இருக்கிறது. வருகிற ஒலி எந்த வகை என்று ரிசீவர் பிடித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது, கோளாறு இல்லை.

வித்தியாசம் எனக்கு மழைக் காட்சியில் தெரிந்தது. முன்பு மழை அறை முழுக்க ஒரே இரைச்சலாகப் பரவியிருக்கும். இப்போது பின்னால் ஓட்டின் மேல் பெய்தது, முன்னால் ஆள் பேசினார், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. அம்மாவுக்கு இது போதவில்லை. அவருக்கு வேண்டியது பேச்சு. அது பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும்.

நடு ஸ்பீக்கரை டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், மரப்பலகைக்கு உள்ளே தள்ளி வைத்திருந்தோம். அது உட்கார்ந்திருப்பவரின் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்துக்குக் கீழே பழைய தறி பெல்ட் துண்டு இரண்டை மடித்து வைத்து, முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தினேன். காசில்லாத வேலை. ஏழு வருடத்தில் செய்த எல்லாவற்றிலும் இதுதான் அதிகப் பலன் கொடுத்தது. அப்புறம் ரிசீவரின் மெனுவில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். முன்பு வந்த ஸ்டீரியோவில் இதைச் செய்தபோது நடுவில் சேர்ந்து நின்ற பாட்டும் பின்னணி இசையும் கூடவே ஏறின. தனித்தடமாக வரும்போது பெரும்பாலும் பேச்சுதான் ஏறுகிறது.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் பார்த்தார் அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வசனத்துக்குத் தானாகச் சிரித்தார். "இப்பத்தான் கண்ணு, நம்மகிட்டப் பேசற மாதிரி இருக்குது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளவெடுக்கும் வசதியை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது பல தடவை பாதியிலேயே நின்றது, தறிச் சத்தம்தான் காரணம். கடைசியில் மாரியம்மன் நோம்பிக்குத் தறி நிறுத்தியிருந்த அன்று காலையில் செய்தேன். மின்விசிறியையும் நிறுத்தி, அம்மா உட்காரும் இடத்தில் அவருடைய காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி, எல்லோரும் வெளித் திண்ணைக்குப் போய்விட்டோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். எங்கள் பின் ஸ்பீக்கர் கட்டிலுக்கு ஒன்றரை மீட்டரில், முன் ஸ்பீக்கர் மூன்று மீட்டருக்கு மேல். பின்னால் வரும் சத்தத்தை ஏறக்குறைய ஐந்து மில்லி நொடி பிடித்து வைத்து விட்டால்தான் இரண்டும் காதுக்கு ஒன்றாக வந்து சேரும்.

மைக் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்', அதாவது தாழ்ந்த ஒலியையும் தாங்கும் பெரியவை, என்று எழுதிவிட்டது. அவை ஒரு சாண் உயரம்கூட இல்லை. 'ஸ்மால்' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்-ஊஃபருக்குத் தள்ளினேன். சப்-ஊஃபரை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தியதும் பரணில் அண்டா கிடுகிடுப்பது நின்றது. சிமெண்டுத் தரையில் எதிரொலி இருந்தது, ஒரு பவானி ஜமக்காளம் விரித்ததில் பாதி அடங்கியது. சரிவான ஓட்டுக் கூரையாக இருப்பதும் நல்லதாகப் போயிற்று. அக்காவின் தார்சு (தட்டையான காங்கிரீட் கூரை) வீட்டில் இதே அளவு ஹாலில் பேச்சு மோதித் திரும்பி வருகிறது.

வயர் மாற்றியதில் ஒரு தொல்லையும் வந்தது. ஆப்டிகல் இருந்தவரை இல்லாத ஒரு 'ங்ங்' என்ற முனகல், எச்டிஎம்ஐ மாட்டிய நாளிலிருந்து எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. ஆப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம், அதில் கரண்ட் தொடர்பே கிடையாது. எச்டிஎம்ஐயில் செம்பு இருக்கிறது. எங்கள் டிஷ், குடோனின் இரும்புத் தூணில் மாட்டியிருந்தது. தறி மோட்டார்களின் எர்த்தும் அந்த இரும்பில்தான். டிஷ் கேபிளின் மேலுறை வழியாக அந்த எர்த் டிஷ் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ரிசீவருக்கும் ஏறி, வீட்டு எர்த்தோடு ஒரு சுற்றாகியிருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. டிஷ் கேபிளைக் கழற்றினால் முனகல் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் புரிந்தது. டிஷ்ஷைக் குளியலறைத் தார்சின் மேல் மாற்றி வைத்தோம், போய்விட்டது. ஸ்பீக்கரில் முனகல் இருப்பவர்கள் ரிசீவரைக் கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் டிஷ் அல்லது கேபிள் டிவி வயரை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

2021-இல் டிவி மாற்றினோம். புது டிவியிலேயே படம் பார்க்கும் செயலிகள் இருப்பதால், இப்போது ஒலி டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அதே எச்டிஎம்ஐ வயரில் ஏஆர்சி என்ற வழியில் வருகிறது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லிருந்தே இது உண்டு. டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் அந்த ஒரு துளையில்தான் மாட்ட வேண்டும், இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ கண்ட்ரோலை ஆன் செய்ய வேண்டும். செயலிகள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் இதில் நன்றாகவே வருகிறது. மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் வகை என்று போட்ட படமும் எங்கள் ரிசீவரில் 5.1 ஆக ஓடுகிறது. ட்ரூஎச்டி போன்ற உயர்தர ஒலியையும் டிவியிலிருந்து கொண்டுவரும் இஏஆர்சி இல்லையே என்று ரிசீவரை மாற்றச் சொல்கிறார்கள். ப்ளூ-ரே பிளேயர் நேராக ரிசீவருக்குப் போகிற வீட்டில் அதற்கு அவசரம் இல்லை என்பது என் எண்ணம். ஏஆர்சியில் ஒரு தொந்தரவு, கரண்ட் போய் வந்தால் சில சமயம் டிவியும் ரிசீவரும் ஒன்றை ஒன்று மறந்துவிடும். இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் சரியாகிவிடும்.

எல்லாப் படத்துக்கும் 5.1 கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். டிவி சேனல்கள் பலவற்றில் இன்னும் ஸ்டீரியோதான். சில செயலிகளில் ஒரே படத்துக்கு ஒரு மொழியில் 5.1, இன்னொரு மொழியில் ஸ்டீரியோ. இப்போதெல்லாம் படம் ஆரம்பித்ததும் முகப்பு எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பிசிஎம் என்று வந்தால் மொழித் தடத்தை மாற்றிப் பார்ப்பேன்.

ரிசீவர் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை. அதற்குப் பராமரிப்பும் ஒரு காரணம். எங்கள் ஊரில் பஞ்சுத் தூசு ஜன்னல் சாத்தினாலும் வரும். முதல் வருடக் கடைசியில் மேல்மூடியின் துளைகளைப் பார்த்தபோது, கம்பளித் துணி விரித்த மாதிரி வெள்ளையாக மூடியிருந்தது. விரலால் எடுத்தால் ஒரே படலமாக உரிந்து வந்தது. அடியில் கை வைக்க முடியாத சூடு. இப்போது மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்கிறேன். தறிக்கு அடிக்கும் கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்தாதீர்கள், அதில் ஈரமும் எண்ணெயும் வரும், தூசையும் உள்ளே தள்ளிவிடும். மேலே ஒரு சாண் இடம் காலியாக விட்டிருக்கிறேன். தறிகள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கும், அதற்கு ஒரு ஸ்டெபிலைசர். ஸ்பீக்கர் வயருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்தான் வாங்கினேன். விலை உயர்ந்த கேபிள் வாங்கும் காசை நடு ஸ்பீக்கரில் போடலாம்.

ராத்திரிப் படத்துக்கு மட்டும் 'நைட் மோட்' போடுவோம். உரத்த சத்தத்தை அழுத்தி, மெல்லிய சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அதில் வெடிச் சத்தத்தின் வீச்சு போய்விடும், ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்.

போன மாதம் எலி பின்பக்க இடது ஸ்பீக்கரின் வயரைக் கடித்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. அம்மாதான் கட்டிலில் இருந்தபடி, "இந்தப் பக்கம் மழை பெய்யலையே கண்ணு" என்றார்.